அண்ணன் திறந்துவிட்ட அருவி

நான் வசிக்கும் ஊரில், எங்கேயும் போய்ச் சேர விருப்பமில்லாதவர்கள் ரயில் ஏறுகிறார்கள். ஊரில் இருக்கும் நீங்கள் இதைப் படித்துவிட்டு, இவளுக்குக் குளிர் மண்டைக்கு ஏறிவிட்டது என்று நினைக்கலாம். நிஜமாகத்தான் சொல்கிறேன். பிரான்சின் கிழக்கு ஓரத்தில், மலையடிவாரத்தில் இருக்கிற சிற்றூர் இது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதுகுப் பையும் கம்பளிக் குல்லாயுமாகக் கொஞ்சம் பேர் ஸ்டேஷனில் கூடுவார்கள். ரயில் மலை ஏறும். உச்சியில் இறங்கி ஆளுக்கொரு கஃபே, நம் காப்பிதான், குடிப்பார்கள். அதே ரயிலில் ஏறி, கிளம்பின இடத்திலேயே வந்து இறங்குவார்கள். பிறகு ஒருவர் கையை ஒருவர் குலுக்கி, "அருமையான பிரயாணம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இதற்கு ஒரு சங்கம் இருக்கிறது. சங்கத்துக்குத் தலைவி இருக்கிறார். அதில் நானும் ஓர் அங்கத்தினர்.

என் வீட்டுக்காரருக்கு இது இன்றுவரை விளங்கவில்லை. "ஏறுன எடத்துலயே எறங்கறதுக்கு எதுக்குடி டிக்கெட்டு? பேசாம பிளாட்பாரத்துல குந்திக்கினு இருந்துட்டு வந்துடேன்" என்பார். அவர் பாகூர்க்காரர். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அந்தக் குடியுரிமையில்தான் நாங்கள் இங்கே குடித்தனம் நடத்துகிறோம். இத்தனை வருடம் இங்கே இருந்தும், ரயில் என்றால் ஒரு காரியம் இருக்கவேண்டும் என்கிற கொள்கையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

பிள்ளைகள் வேலை கிடைத்து வேறு ஊர்களுக்குப் போனபின், வீட்டில் பேச ஆளில்லாமல் வாய் புளித்துக் கிடந்தேன். நாலு பேரோடு பேசலாமே என்றுதான் சங்கத்தில் சேர்ந்தேன். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அந்தச் சங்கத்தின் முதல் விதியே பேசக்கூடாது என்பது. தலைவி மதாம் ஒதில் ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியை. வழியில் நல்ல காட்சிகள் வரும் பகுதி நெருங்கியதும் கைப்பையிலிருந்து ஒரு சின்ன வெண்கல மணியை எடுத்து ஆட்டுவார். அந்த நிமிடத்திலிருந்து அடுத்த ஸ்டேஷன் வரும்வரை யாரும் பேசக்கூடாது, எழுந்திருக்கக்கூடாது, இடம் மாறக்கூடாது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். இறங்கி கஃபே குடிக்கும்போது ஆளுக்கு ஒன்றாக, தான் பார்த்ததைச் சொல்லவேண்டும். முதல் தடவை எல்லோரும் பனியில் விழுந்த ஒளி, மேகத்தின் நிழல் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். நான், மாடியில் ஓர் அம்மாள் துணி உலர்த்தியதையும் ஒற்றைக் காலுறை கீழே விழுந்ததை அவர் கவனிக்காததையும் சொன்னேன். எல்லோரும் கோப்பையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்கள். அது பாராட்டா, பரிதாபமா என்று எனக்கு இன்னும் தெரியாது.

நம் ஊர் ரயிலை நினைத்துப் பாருங்கள். புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகிற பாசஞ்சரில் ஜன்னலைப் பார்த்தவர்கள் யார்? உட்கார்ந்ததும் எதிர் சீட்டிலிருந்து "எங்க போறீங்க?" என்று வரும். அடுத்தது "இன்னா விசேஷம்?" மூன்றாவது கேள்வி நம் சாதி, சனம், சொத்து வரை போய்விடும். என் கல்யாணமே அந்த ரயிலில்தான் முடிவானது. பெரியம்மா வீட்டுக் காதுகுத்துக்கு அம்மாவும் நானும் வில்லியனூரில் ஏறினோம். எதிரே உட்கார்ந்திருந்த பாகூர் அம்மாள், சின்னபாபுசமுத்திரம் வருவதற்குள் என் வயதையும் நட்சத்திரத்தையும் வாங்கிவிட்டார். வளவனூரில், தன் அக்கா மகன் ஒருவன் பிரான்சில் இருப்பதாகச் சொன்னார். விழுப்புரத்தில் இறங்கும்போது அம்மா அவருக்கு விலாசம் எழுதிக் கொடுத்தாள். அன்றைக்கு நான் மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்திருந்தால் பாதையோரத்துப் பனைமரங்களைப் பார்த்திருப்பேன். நானோ அந்த அம்மாள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பலனாகத்தான் இப்போது ஆல்ப்ஸ் மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன குளிர்காலத்தில் சங்கம் இந்தியாவுக்குப் புறப்பட்டது. நீலகிரி மலை ரயில்தான் குறி. வழியில் புதுச்சேரியில் மூன்று நாள். மதாம் ஒதில் என்னைக் கூப்பிட்டு, "உன் கிராமத்தில் ரயில் உண்டா?" என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்கள் கழனியை ஒட்டியே போகிறது" என்றேன். "அப்படியானால் அதில் போகிறோம். கவனித்துப் பார்த்தால் அழகில்லாத பாதை ஒன்றுமில்லை" என்று சொல்லி, பட்டியலில் ஒரு காலைப்பொழுதை அதற்கு ஒதுக்கிவிட்டார். மற்ற பொழுதுகளெல்லாம் ஏற்கெனவே நிரம்பியிருந்ததால் என் அண்ணன் வீட்டுக்குப் போக அதில் இடமில்லை. குழுவை வழியனுப்பிவிட்டு நான் மட்டும் போய்ச் சில நாள் தங்குவதாக ஏற்பாடு.

அண்ணன் பெயர் திருக்காமு. வில்லியனூரைத் தாண்டி மேற்கே, ரயில் பாதைக்குத் தெற்கில் எங்கள் கழனி. கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு. எனக்குப் பேரன் பிறந்துவிட்டான். அண்ணனுக்கு நான் இன்னும் பாப்பாதான். போனில் விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னாத்த பாக்க வர்றாங்க?"

"சும்மா, ரயில்ல உக்காந்து ஜன்னல் வழியா பாப்பாங்கண்ணா."

"அதான் இன்னாத்தன்னு கேக்கறேன். நம்ம பக்கம் இன்னா இருக்குது? கருவ முள்ளு, கரும்பு, ரெண்டு செங்கல் சூளை. அவ்ளோ தூரத்துலேருந்து வந்தவங்க கருவ முள்ள பாத்துட்டுப் போனா நம்ம மானம் இன்னாத்துக்கு ஆவறது?"

"அவங்களுக்கு அதுவே போதும்ணா."

"உனக்குத் தெரியாது பாப்பா. நம்ம வூட்டு வழியா போற விருந்தாளி. உள்ள கூப்ட்டு ஒரு வாய் தண்ணி குடுக்க வழியில்ல. கண்ணுக்காவது எதாவது குடுக்கணும் இல்ல? சரி, உங்க ஊரு ரயிலு போற வழியில இன்னா இருக்கும்?"

இங்கேதான் சும்மா கிடந்த சங்கை நானே ஊதிக் கெடுத்தேன். பனி மூடின மலை இருக்கும், மலையிலிருந்து அருவி விழும், அங்கங்கே பாலம், குகை, கழுத்தில் மணி கட்டின மாடுகள் என்று ஒன்று விடாமல் வர்ணித்தேன். அண்ணன் 'உம்' கொட்டிக்கொண்டே கேட்டது. கடைசியில், "மாடு நம்மகிட்ட இருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்தது.

நாலு நாள் கழித்து அதுவே கூப்பிட்டது. "பாப்பா, அருவி ரெடி."

மோட்டார் கொட்டகையின் கூரை மேல் குழாயை ஏற்றிக் கட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டுப் பார்த்தாயிற்றாம். நாலாள் உயரத்துக்குப் பீச்சி அடிக்கிறதாம். மலைக்கு வைக்கோல் போர் இருக்கிறது. பனிக்கு என்ன செய்வது என்று இரண்டு நாள் யோசித்து, வீட்டிலிருக்கிற வெள்ளை வேட்டிகளையெல்லாம் போரின் மேல் போர்த்திவிட்டால் தூரத்துக்குப் பனி மாதிரியே தெரியும் என்று முடிவு செய்துவிட்டது. வாய்க்கால் மதகு, பாலம். பொங்கல் முடிந்த கையோடு என்பதால் மாட்டுக் கொம்பில் வர்ணம் கலையவில்லை. கரியமாணிக்கத்திலிருந்து பம்பைக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பியாயிற்று. "குகைதான் ஒண்ணும் கைகூடல. எதுக்கும் அவங்கள கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கச் சொல்லு" என்றது.

அண்ணி போனைப் பிடுங்கினார். "இன்னா வள்ளி நீ, செவனேன்னு இருந்த மனுசன கிளப்பி வுட்டுட்ட. வூட்ல ஒரு வேட்டி இல்ல. எல்லாம் வைக்கப்போரு மேல கிடக்குது. பக்கத்து வூட்டு வேட்டிய வேற கேட்டு வாங்கினு வந்திருக்கறாரு."

அண்ணன் மறுபடி போனை வாங்கி, இரண்டு நிபந்தனை போட்டது. ஒன்று, யாரிடமும் முன்கூட்டிச் சொல்லக்கூடாது. "தெரிஞ்சி வந்து பாத்தா அது அருவியா? திடீர்னு தெரியணும்." இரண்டு, எல்லோரும் கழனிப் பக்கம் உட்காரவேண்டும். "வில்லியனூர் தாண்டினா இடது கை பக்கம். மறந்துடாத. எங்க சனம் மொத்தமும் அன்னிக்கி கழனிலதான் நிக்கப்போவுது. அவங்க பாக்கலன்னா நான் ஊர்ல தல காட்ட முடியாது பாப்பா." விளையாட்டாக ஆரம்பித்த குரல் கடைசி வாக்கியத்தில் விளையாட்டாக இல்லை.

குறிப்பிட்ட நாள் காலையில் புதுச்சேரி ஸ்டேஷனில் மதாம் ஒதிலின் படை வந்து இறங்கியது. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, தொடைவரை பை வைத்த கால்சட்டை. நான் முன்னால் ஓடிப்போய் இடது பக்கத்து சீட்டுகளில் கைக்குட்டை, தண்ணீர் பாட்டில், துப்பட்டா என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டு இடம் பிடித்தேன். அந்தக் கலையை நான் மறக்கவில்லை என்பதில் ஒரு நிம்மதி. வெள்ளைக்காரர்கள் ஜனவரி வெயிலுக்கு ஏங்கிச் சாகிறவர்கள். வெயில் இடது பக்கம்தான் விழும். தாமாகவே வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்பது என் கணக்கு.

அந்தக் கணக்கில் மிஸ்யே ழெராரை நான் சேர்க்கவில்லை. அவர்தான் சங்கத்தின் புகைப்படக்காரர். முழங்கை நீளத்துக்குக் காமிரா வைத்திருப்பார். உள்ளே வந்து வெயிலைப் பார்த்தவுடன் முகம் சுளித்தார். "சூரியனை எதிர்த்துப் படம் எடுத்தால் எல்லாம் கறுப்பாகத்தான் விழும். எதிர்ப் பக்கம் போவோம்."

"இந்தப் பக்கம் காற்று நன்றாக வரும்" என்றேன்.

"அந்தப் பக்கமும் ஜன்னல் இருக்கிறதே."

"இந்தப் பக்கம் உட்கார்ந்து போனால் எங்களில் ராசி என்பார்கள்."

மதாம் ஒதில் ஆர்வமாகக் குறிப்பேட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு, ஒளி முக்கியம் என்று எல்லோரையும் வலது பக்கம் உட்காரச் சொல்லிவிட்டார். நான் பிடித்து வைத்திருந்த இடங்களில் ஒரு கும்பல் வந்து உட்கார்ந்தது. என் துப்பட்டாவை மடித்துக் கொடுத்த அம்மாள், மடியில் ஸ்கேன் படம் போட்ட பெரிய கவரோடு விழுப்புரம் திரும்புகிறவர். வெள்ளைக்காரர்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இவங்கெல்லாம் எந்த ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க?"

"ஆஸ்பத்திரிக்கு இல்லம்மா. சும்மா ரயில்ல போறாங்க."

"யார பாக்க?"

"யாரையும் பாக்க இல்ல. ஜன்னல் வழியா வெளிய பாக்கறதுக்கு."

"பாவம், வயசான காலத்துல" என்று உச்சுக்கொட்டினார். மதாம் ஒதில் அவர் என்ன சொன்னார் என்று கேட்டார். உங்கள் பயணம் நல்லபடியாக அமையட்டும் என்று வாழ்த்தினார் என்றேன். மதாம் எழுந்து அவருக்குக் கைகூப்பினார்.

வில்லியனூர் வந்தது. ரயில் நின்று, கிளம்பியது. நான் மதாம் காதருகே போய், "தயவுசெய்து, இப்போது மட்டும் எல்லோரும் அந்தப் பக்கம் வாருங்கள்" என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் மணியை ஆட்டிவிட்டார். "சிலான்ஸ்" என்று உதட்டில் விரல் வைத்தார். மொத்தச் சங்கமும் கழுத்தை வலது பக்கம் திருப்பிக்கொண்டு கல்லாகிவிட்டது. வலது பக்கம் என்ன இருந்தது என்கிறீர்கள்? கருவ முள். அதன் மேல் ஒரு கொக்கு. வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டே ரயிலை முறைத்த ஒருவர். மறுபடி கருவ முள்.

தூரத்தில் பம்பைச் சத்தம் கேட்டது. சங்கத்தில் சேர்ந்தது முதல் மீறாத விதியை மீறி எழுந்து, இடது பக்கத்துக்கு ஓடி, அந்த அம்மாளின் ஸ்கேன் கவர் மேல் சாய்ந்து ஜன்னல் கம்பிக்கு முகத்தைக் கொடுத்தேன்.

வைக்கோல் போர் வெள்ளை வெளேரென்று நின்றது. உச்சியிலிருந்த வேட்டி ஒன்று காற்றில் கிளம்பி பறந்துகொண்டிருந்தது. மோட்டார் கொட்டகையிலிருந்து தண்ணீர் வானத்துக்கு எழும்பி, வெயிலில் மின்னிக்கொண்டு விழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அருவி மாதிரிதான் இருந்தது. வர்ணக் கொம்போடு மாடுகள், கல்யாணப் பட்டில் பெண்கள், குதிக்கிற பிள்ளைகள், ஏதோ பெரிய பேனர் ஒன்று. எல்லோருக்கும் நடுவில், டிராக்டர் மேல் ஏறி நின்றுகொண்டு பட்டு வேட்டியில் அண்ணன்.

எங்கள் பெட்டியின் இடது பக்கம் அமளிப்பட்டது. "எதோ கட்சி மாநாடு போல" என்றார் ஒருவர். "வேட்டிக் கடை வெளம்பரம்யா" என்றார் இன்னொருவர். ஸ்கேன் கவர் அம்மாள், "ஆரு வூட்டு பைப்போ ஒடஞ்சிபோயி தண்ணி வீணாப் போவுது பாரு" என்று வருத்தப்பட்டார். அண்ணன் கும்பிட்ட கையோடு ஜன்னல் ஜன்னலாகத் தேடிக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளை முகமும் இல்லை. கடைசியில் என்னைப் பார்த்தது. நாலு வருடம் கழித்து என்னைப் பார்க்கிற அண்ணன். ஆனால் அதன் கண் என் மேல் நிற்கவில்லை. எனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று தேடியது. கூப்பிய கை மெல்ல இறங்கியதை நான் பார்த்தேன். ரயில் நகர்ந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தால், இவ்வளவு கூச்சலிலும் சங்கத்தில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. என்ன ஒழுக்கம்! அந்த ஒழுக்கத்தைக் கொண்டுபோய்க் கருவ முள்ளிலேயே போட வேண்டும் என்று ஆத்திரமாக வந்தது. மதாம் ஒதில் மட்டும் கண்ணின் ஓரத்தால் என்னை, வகுப்பில் எழுந்து ஓடின பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

விழுப்புரம் பிளாட்பாரத்தில் கஃபேக்குப் பதிலாக டீ. வட்டமாக நின்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கொக்கு நின்ற விதம். பல் விளக்கியவரின் கம்பீரம். மிஸ்யே ழெரார் முள் மரத்தின் நிழலைப் பற்றி டீ ஆறிப்போகிற அளவுக்குப் பேசினார். அதற்குள் என் போன் அடித்தது.

"பாத்தாங்களா பாப்பா?"

"அண்ணா, இங்க சரியா கேக்கல" என்று சொல்லி அணைத்துவிட்டேன்.

என் முறை வந்தது. மதாம் ஒதில், விதியை மீறியவளாயிற்றே என்று கொஞ்சம் கடுமையாகவே, "நீ என்ன பார்த்தாய்?" என்றார்.

"என் அண்ணனைப் பார்த்தேன்" என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. வைக்கோல் மலை, வேட்டிப் பனி, மோட்டார் அருவி, கரியமாணிக்கத்துப் பம்பை, கூப்பின கை எல்லாவற்றையும் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் சொன்னேன். பிரெஞ்சில் வைக்கோல் போருக்கு என்ன சொல் என்பது அந்த நேரம் பார்த்து மறந்துபோய், கையால் குவித்துக் காட்டினேன்.

"எங்களுக்காகவா?" என்றார் மதாம்.

"உங்களுக்காகத்தான்."

"அவருடைய வேட்டிகளையா?"

"பக்கத்து வீட்டு வேட்டியையும்."

மதாம் ஒதில் வாழ்க்கையில் பெரிய பாவம் என்று நினைப்பது ஒன்றே ஒன்றுதான்: காட்சியைத் தவறவிடுவது. முகம் சிவந்துபோயிற்று. மணியை எடுத்து, அதன் நாக்கில் கைக்குட்டையைச் சுற்றி, பையின் அடியில் திணித்தார். "திரும்பும்போது எல்லோரும் வெயில் பக்கம்" என்றார். மிஸ்யே ழெரார் சூரியனைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். "ழெரார், வாயை மூடு" என்றார் மதாம். நாற்பது பிள்ளைகள் நிறைந்த வகுப்பை அடக்கின குரல் அது.

அண்ணனைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அண்ணிதான் கிடைத்தார். "அத்த ஏன் கேக்கற வள்ளி. பம்பக்காரங்க அப்பவே கிளம்பிட்டாங்க. கரண்டு போச்சி, அருவியும் போச்சி. மாட்ட அவுத்து வுட்டாச்சி. ஒங்க அண்ணன் மட்டும் கழனிலயே குந்திக்கினு இருக்கறாரு. போனு இங்க கிடக்குது. சாப்ட கூட வரல, நான்தான் தூக்குல சோறு குடுத்து வுட்டேன்."

மதியம் தாண்டின ரயிலில் திரும்பினோம். மலையும் அருவியும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அந்த மனிதரைப் பார்க்கவேண்டும் என்று மதாம் சொல்லிவிட்டார். அவரை என்னவென்று அழைப்பாய் என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். சின்னபாபுசமுத்திரத்திலிருந்தே எல்லோரும் கம்பியில் முகத்தைப் பதித்துக்கொண்டு ஒத்திகை பார்த்தார்கள். பெட்டியில் இருந்தவர்கள், ஏதோ பிரார்த்தனை போலிருக்கிறது என்று வழிவிட்டார்கள்.

கழனி வந்தது. போரின் மேல் பாதிப் பனி சரிந்து கிடந்தது. அதன் அடியில், பட்டு வேட்டியை மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, பழைய லுங்கியில், ரயிலுக்கு முதுகைக் காட்டி அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணா!" என்று மதாம் ஒதில் கத்தினார். சங்கம் மொத்தமும் பின்தொடர்ந்தது. "அண்ணா! அண்ணா! அண்ணா!" மௌன சங்கத்தின் அத்தனை வருடத்து மௌனமும் அன்றைக்கு வெடித்தது.

அண்ணன் திரும்பியது. பார்த்தது. வாய் நிறைய சோற்றோடு துள்ளி எழுந்தது. கும்பிடலாம் என்றால் கை எச்சில். எச்சில் கையை மறைக்கலாம் என்றால் லுங்கி நழுவுகிறது. ஒரு கையால் லுங்கியைப் பிடித்து, சோற்றுக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஆகாயத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தூக்கு கவிழ்ந்து உருள, அப்படியே நின்றது. எங்கள் பெட்டியில் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மிஸ்யே ழெரார் சூரியனை எதிர்த்துப் படமாக எடுத்துத் தள்ளினார். மதாம் ஒதில் வெளிப்படையாக அழுதார்.

அப்போதுதான் நான் பேனரைச் சரியாகப் பார்த்தேன். இரண்டு சவுக்குக் கழிகளில் கட்டின ஃபிளெக்ஸ். 'பிரான்ஸ் நாட்டிலிருந்து வருகை தரும் விருந்தினர்களை வருக வருக என வரவேற்கிறோம்.' கீழே 'இவண்: திருக்காமு குடும்பத்தார்.' நடுவில், நான் முன்பு வாட்ஸப்பில் அனுப்பியிருந்த சங்கப் படம். எல்லோரும் கோட்டும் கம்பளிக் குல்லாயுமாக நிற்கிறார்கள். ஓரத்தில் நான். என் தோளில் மதாம் ஒதிலின் கை. மதாம் அதைக் காட்டி, "பார், நீ எங்களோடு இருக்கிறாய்!" என்று குதித்தார். இத்தனை வருடமாகப் பிரான்சில் என்னை 'நம் இந்தியத் தோழி' என்றுதான் அறிமுகப்படுத்துவார்கள். என்னைப் பிரெஞ்சுக்காரி என்று முதன்முதலில் எழுதி வைத்தது, வில்லியனூருக்கு மேற்கே ஒரு கழனியில், என் கூடப்பிறந்த அண்ணன். எனக்குச் சுருக்கென்றது.

சங்கம் நீலகிரிக்குப் போனது. நான் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் இரண்டு நாள் என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. "லுங்கியோட பாத்துட்டாங்களே பாப்பா. அருவிய பாக்கல, லுங்கிய பாத்துட்டாங்க" என்று தலையில் கை வைத்துக்கொண்டது. சங்கம் பார்த்ததிலேயே சிறந்த காட்சி அதுதான் என்று மதாம் சொன்னதைச் சொன்னேன். நான் மனம் ஆறுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்தது. நீலகிரியிலிருந்து மிஸ்யே ழெரார் அனுப்பின படத்தைக் காட்டினேன். முகம் கறுப்பாக விழுந்திருந்தது. தூக்கின கையும் லுங்கியைப் பிடித்த கையும் மட்டும் தெளிவாகத் தெரிந்தன. "மூஞ்சி தெரியல. மாரியாத்தா காப்பாத்திட்டா" என்று அப்போதுதான் சிரித்தது.

சிரித்த நேரம் பார்த்துக் கேட்டேன். "எதுக்குண்ணா என்ன விருந்தாளிங்க பக்கம் போட்ட?"

"நீயும் அங்கேருந்துதான வந்த?" என்றது, அதில் என்ன தப்பு என்கிற முகத்தோடு. "கீழ எங்க பேரோட உன் பேரையும் போடலாம்னு எடம் வுட்டுத்தான் வெச்சேன். ஒங்க அண்ணிதான், வர்றவங்களும் வரவேக்கறவங்களும் ஒரே ஆளா எப்டி இருக்க முடியும், பாக்கறவங்க சிரிப்பாங்கன்னா. நியாயமாத்தான் பட்டுது." எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அதுதான் வலித்தது.

இங்கே திரும்பி வந்தபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை மலை ரயிலில் மணி அடிப்பதற்குச் சற்று முன்பு, அண்ணனிடமிருந்து ஒரு படம் வந்தது. கூடவே குரல் பதிவு. காதில் வைத்துக் கேட்டேன். "பாப்பா, கன்னுக்குட்டி கொட்டாயி ஒழுவுது, அந்த ஃபிளெக்ஸத்தான் போட்டிருக்கறேன். அளவு பெருசா இருந்திச்சி, வெட்ட வேண்டியதாப் போச்சி. வெள்ளக்காரங்க இருக்கற பக்கத்த கோழிக் கூண்டுக்குன்னு பக்கத்து வூட்ல கேட்டாங்க, குடுத்துட்டேன். உன்ன மட்டும் நான் குடுக்கல."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கொட்டகைக் கூரையில், கம்பளிக் குல்லாயோடு வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு படுத்திருக்கிறேன். வெட்டினது என் தோளை ஒட்டி. அதனால் மதாம் ஒதில் இல்லை. அவருடைய கை மட்டும் மணிக்கட்டோடு என் தோளில் மிச்சமிருக்கிறது. எதிர் சீட்டில் மதாம் முழுசாக உட்கார்ந்து பையில் மணியைத் தேடிக்கொண்டிருந்தார்.

அண்ணன் இன்னொரு பதிவு அனுப்பியிருந்தது. "பாக்கறவங்கெல்லாம் அது யாரு கை, யாரு கைன்னு கேக்கறாங்க. ஒரு மாதிரி இருக்குது. அந்தக் கையையும் வெட்டி எடுத்துடட்டுமா பாப்பா?"

மணி அடித்துவிட்டது. பேசக்கூடாது. நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, போனுக்குள் சன்னமாகச் சொன்னேன்: "வேணாம்ணா. அதுவும் இருக்கட்டும்."